கூற்றும் துறையும்: ஒரு கோப்பையும் ஒரு நோட்டையும் முன்வைத்து

1

இரண்டு பிரதிகளை அருகருகே வைத்து வாசிக்கும் முயற்சி இது. முதலாவது, பதினான்கு பக்கங்கள் கொண்ட ஒரு மருத்துவக் கோப்பு. ஆங்கிலத்தில், கணினி அச்சில், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் முத்திரையோடு இருக்கிறது. இரண்டாவது, 192 பக்கக் கோடு போட்ட நோட்டு. பால்பாயிண்ட் பேனாவில், தேதி சில நாள் போட்டும் சில நாள் போடாமலும் எழுதப்பட்டிருக்கிறது. கோப்பை எழுதியவர்கள் ஒரு மருத்துவர், ஓர் உளவியலாளர், ஒரு பேச்சுப் பயிற்சியாளர். நோட்டை எழுதியவள் என் அக்கா. இரண்டும் ஒரே குழந்தையைப் பற்றியவை. அக்காவின் மகள், ஐந்து வயது. வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். மூன்றரை வயதில் அவளுக்கு ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அக்கா பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தவள். மச்சான் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை. மாதம் ஒருமுறை வருவார். அக்காவும் பாப்பாவும் எங்கள் அம்மாவோடு, தென்மாவட்டச் சிறுநகரம் ஒன்றில் இருக்கிறார்கள். கோப்பு கைக்கு வந்த அன்று அக்கா அதை என்னிடம் நீட்டி, "நீதான் எம்.ஏ. படிச்சிருக்கியே தம்பி, இதுல என்ன எழுதியிருக்குன்னு வரி வரியாச் சொல்லு" என்றாள். நான் படித்தது தமிழ் எம்.ஏ. என்பது வேறு விஷயம். முதல் இரண்டு பக்கங்களைச் சொன்னேன். மூன்றாவது பக்கத்திலிருந்து மறைக்கத் தொடங்கினேன். அக்காவுக்கு அது தெரிந்துவிட்டது. "விட்டு விட்டுச் சொல்லாத" என்றாள்.

அதே மாதத்தில்தான் நண்பர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் பூக்கோவின் பைத்தியம் குறித்த நூலை (1961) வைத்து நான் ஒன்றரை மணிநேரம் பேசியிருந்தேன். இயல்பு / பிறழ்வு என்னும் எதிர்வு எப்படிக் கட்டமைக்கப்படுகிறது, மருத்துவம் எப்படி அதிகாரத்தின் சொல்லாடலாக இயங்குகிறது என்றெல்லாம். அந்தப் பேச்சில் ஒரு வாக்கியமும் அக்காவின் அடுக்களையில் எனக்கு உதவவில்லை. அது ஏன் உதவவில்லை என்ற கேள்வியிலிருந்தே இந்த வாசிப்பு தொடங்குகிறது. சொந்தக் கதை விமர்சனமாகுமா என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். குடும்பத்துக்குள் வந்து விழும் ஒரு பிரதியை வாசிக்கத் தெரியாத விமர்சனத்தை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்யப்போகிறோம் என்பதே என் பதில்.

2

கோப்பின் வாக்கியங்களில் பெரும்பாலானவை எதிர்மறை வினையில் முடிகின்றன. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. விரலால் சுட்டுவதில்லை. பிற குழந்தைகளோடு சேர்ந்து விளையாடுவதில்லை. பாவனை விளையாட்டு இல்லை. ஒரு குழந்தை எதையெல்லாம் செய்யவில்லை என்பதன் பட்டியலாகவே அவள் அங்கே எழுதப்பட்டிருக்கிறாள். உடன்பாட்டில் வரும் சொற்ப வாக்கியங்களில் ஒன்று இது: பிறரது கையைக் கருவியாகப் பயன்படுத்துகிறாள்.

இனி நோட்டிலிருந்து:

"திங்கக்கிழமை. மத்தியானம் கரண்டு போச்சு. பாப்பா அழல. ஃபேன் நின்னு போனதயே பாத்துட்டு இருந்தா. பெறகு எங்கிட்ட வந்து என் கையப் புடிச்சி சுவிட்சுக்கிட்ட கூட்டிட்டுப் போனா. ஏழு தடவ. கரண்டு இல்ல பாப்பான்னேன். எட்டாவது தடவ கூட்டிட்டுப் போகல, கையப் புடிச்சிட்டே பக்கத்துல உக்காந்துட்டா."

இரண்டிலும் கை ஒன்றுதான். கோப்பில் அது கருவி. நோட்டில் அது அம்மாவின் கை. சுவிட்சைப் போட எட்டாத உயரத்தில் இருக்கும் ஒருத்தி, போடக்கூடியவளைத் தேடி வந்திருக்கிறாள். எட்டாவது முறை அந்தக் கைக்கு வேலையே இல்லை, ஆனாலும் பிடித்திருக்கிறாள். 'கருவி' என்ற சொல்லால் இந்த எட்டாவது முறையை விளக்க முடியாது. மருத்துவர்கள் தவறாகப் பார்த்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. கையைக் கொண்டுபோய் வைப்பது ஆட்டிசத்தின் அறியப்பட்ட அடையாளங்களுள் ஒன்று. அதை அவர்கள் கவனித்ததால்தான் பாப்பாவுக்கு வழி பிறந்தது. என் கேள்வி, ஏழாவது முறையோடு ஏன் பார்வை நின்றுபோகிறது என்பதுதான்.

நம் நாட்டில் சான்றிதழுக்குப் பயன்படும் அளவுகோல் 2009இல் வெளிவந்த இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல். 6 பிரிவுகள், 40 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 70க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை மிதமானது, அதற்கு மேல் கடுமையானது. பாப்பாவுக்கு 112.

முதல் கூற்றே கண்ணோடு கண் பார்ப்பது பற்றியது. "பெரியவுக முன்னால நிமிந்து பாக்காத" என்று சொல்லிச் சொல்லிப் பெண்பிள்ளைகளை வளர்க்கிற ஊர் இது. யார் யாரை நேருக்கு நேர் பார்க்கலாம் என்பதை இங்கே சாதிதான் தெருவாரியாகத் தீர்மானித்து வைத்திருக்கிறது. பார்த்ததற்காக அடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அப்படியிருக்க, பார்வை என்பது சமூகத்துக்கு வெளியே, சுத்தமான உயிரியல் நிகழ்வாக ஒரு கட்டத்துக்குள் வந்து அமர்வது யோசிக்கவேண்டியது. ஆனால் இதை வைத்துக்கொண்டு அளவுகோலே மேற்கத்தியச் சதி என்று முடித்துவிடவும் முடியாது. பாப்பா தன் அம்மாவையும் பார்க்கவில்லை. பாலூட்டும்போதும் பார்க்கவில்லை. அதை முதலில் கண்டுகொண்டவள் அக்காதான். எட்டு மாதத்தில் அவள் சொன்னாள். நாங்கள் யாரும் காதில் வாங்கவில்லை.

ஏன் வாங்கவில்லை? பெண்குழந்தை. அழுவதில்லை, அடம்பிடிப்பதில்லை, ஒரு மூலையில் உட்கார்ந்து பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கும். "பொம்பளப் பிள்ளன்னா இப்படில்லா இருக்கணும்" என்று வந்தவர் போனவரெல்லாம் பாராட்டினார்கள். ஆண்பிள்ளையிடம் நோய்க்குறியாகத் தெரிந்திருக்கக்கூடிய மௌனம் பெண்பிள்ளையிடம் குணமாகத் தெரிந்தது. காதுகுத்து அன்று தாய்மாமன் என்ற முறையில் என் மடியில்தான் உட்கார வைத்தார்கள். ஊசிக்கு அவள் அழவில்லை. மேளம் அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு என் தொடையில் தலையை மோதத் தொடங்கினாள். வலியில் அழுகிறாள் என்று சொல்லி இன்னும் பலமாக அடிக்கச் சொன்னவன் நான். ஆட்டிசம் பற்றிய முதல் கட்டுரையிலேயே பதினோரு குழந்தைகளில் எட்டுப் பேர் ஆண்கள், மூவர் மட்டுமே பெண்கள். பெண்களுக்கு அது குறைவாக வருகிறது என்பது மட்டுமே காரணமல்ல, பெண்களிடம் அது கண்டுகொள்ளப்படுவதில்லை என்பதும் ஒரு காரணம் என்று இப்போது பேசப்படுகிறது. பாப்பாவுக்குக் கண்டுபிடிக்க ஏற்பட்ட இரண்டு வருடத் தாமதத்தை மருத்துவத்தின் கணக்கில் எழுத முடியாது. அது நம் வீடுகளின் கணக்கு.

3

கோப்பின் ஒன்பதாம் பக்கத்தில், 'பொருளற்ற தொடர்களைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள்' என்று இருக்கிறது. உதாரணமும் கொடுத்திருக்கிறார்கள். "பஸ் வந்துட்டு, ஏறு ஏறு."

நோட்டில் அந்தத் தொடர் ஆறு இடங்களில் வருகிறது. ஓரிடத்தில் அக்கா எழுதுகிறாள்: "எதுலயிருந்தாவது வெளிய போகணும்னா இதத்தான் சொல்லுவா. குளிச்சது போதும்னா சொல்லுவா. ஊசி போடுற எடத்துல சொன்னா. சின்னம்மை வீட்டுக் கல்யாணத்துல சத்தம் தாங்காம சொன்னா. மொத மொத தெரபிக்குப் போய்ட்டு வந்த அன்னைக்கு, அங்க அழுதுட்டே இருந்தவள நான் தூக்கிட்டு ஓடி வந்தப்ப இதச் சொன்னேன். அதுலயிருந்து."

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடம் பழக்கமானது. சங்க அகப்பாடலை எடுத்துக்கொண்டால், பாடலுக்குள் பேசுபவர் பெயர் கிடையாது. ஒரு குரல் திடீரென்று தொடங்கும். அந்தக் குரல் தலைவியுடையதா, தோழியுடையதா, செவிலியுடையதா; யாரைப் பார்த்து, எந்தச் சந்தர்ப்பத்தில் சொல்லியது என்பதைப் பாடலின் அடியில் இருக்கும் துறைக்குறிப்புதான் சொல்கிறது. பாடியவர்கள் எழுதியதல்ல அது, பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. ஆனாலும் அதைத் துணைக்கொண்டுதான் இவ்வளவு காலமும் வாசித்து வந்திருக்கிறோம். குறிப்பை நீக்கிவிட்டால் பல பாடல்கள் வெறும் நிலக்காட்சியாக நின்றுவிடும். 'பொருளற்றது' என்று யாரும் சொல்லத் துணியமாட்டோம். துறை தெரியவில்லை என்போம்.

பாப்பாவின் கூற்றுக்குத் துறைக்குறிப்பு அக்காவின் நோட்டில் இருக்கிறது. வேறெங்கும் இல்லை.

இது நானாகக் கண்டுபிடித்ததுமல்ல. ஆட்டிசத்துக்கு அப்பெயரை நிலைக்கச் செய்த லியோ கானர் 1946இல் எழுதிய ஒரு கட்டுரை உண்டு. இக்குழந்தைகளின் தொடர்பற்றதாகத் தோன்றும் பேச்சை உருவக மொழி என்றே அவர் அதில் சொல்கிறார். ஒரு சிறுவன், வாணலி போன்ற எதைப் பார்த்தாலும் சம்பந்தமே இல்லாத இரண்டு சொற்களைச் சொல்வான். அவனுக்கு இரண்டு வயதாயிருந்தபோது அவன் தாய் அடுக்களையில் ஒரு குழந்தைப் பாட்டைச் சொல்லிக்கொண்டே வேலை செய்திருக்கிறாள், கையிலிருந்த பாத்திரம் கீழே விழுந்திருக்கிறது. பாட்டின் சொற்களும் விழுந்த பாத்திரமும் அவனுக்குள் ஒன்றாகிவிட்டன. கவிஞனின் உருவகத்துக்கு மரபின் துணை இருக்கிறது. இக்குழந்தையின் உருவகத்துக்கு முதல் சந்தர்ப்பம் ஒன்றே ஆதாரம், அதை அறிந்தவரால் மட்டுமே பொருள்கொள்ள முடியும் என்கிற வகையில் போகிறது கானரின் வாதம். மருத்துவர் ஒருவர் இங்கே உரையாசிரியராகச் செயல்படுகிறார். அந்த உரைக்கு மூலம் தாயின் ஞாபகம். எதிரொலிப் பேச்சுக்குப் பல பயன்கள் உண்டு, அது கேட்பதற்கும் ஆமோதிப்பதற்கும் உதவுகிறது என்று 1981இல் பிரிசாந்தும் டுக்கனும் செய்த ஆய்வும் நிறுவியிருக்கிறது. ஆக, மருத்துவத்தின் உள்ளேயே இந்த வாசிப்பு இருந்திருக்கிறது. பாப்பாவின் கோப்பு வரை அது வந்து சேரவில்லை.

4

வந்து சேராததற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது தாய்மார்களின் வரலாறு.

கானரின் முதல் கட்டுரை 1943இல் வந்தது. (அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்பே, 1925இல், சோவியத் மருத்துவர் குரூன்யா சுகரேவா என்ற பெண் ஏறக்குறைய இதே இயல்புகளை விவரித்து எழுதியதும், அது நெடுங்காலம் பேசப்படாமல் போனதும் தனியே எழுதப்படவேண்டியவை.) கானரின் முதல் குழந்தையைப் பற்றிய செய்திகளில் பெரும்பகுதி, அக்குழந்தையின் தந்தை முன்கூட்டியே தட்டச்சு செய்து அனுப்பிய 33 பக்கக் கடிதத்திலிருந்து வந்தது. மற்றப் பெற்றோர்களும் நாட்குறிப்புகள் கொடுத்தார்கள். அவற்றை வைத்துத்தான் கட்டுரை எழுந்தது. ஆனால் கட்டுரையின் முடிவில் கானர் என்ன செய்கிறார்? இவ்வளவு நுணுக்கமாகக் குறிப்பெடுத்திருப்பதே பெற்றோரின் மிகைப்பிடிவாத மனத்துக்குச் சாட்சி என்கிறார். இவர்களில் உண்மையான அன்பு கொண்டவர்கள் குறைவு என்கிறார். குறை பிறவியிலேயே வந்தது என்று முடித்தாலும், 1949இல் எழுதிய அடுத்த கட்டுரையில், உறைபனி உருகாத குளிர்பதனப் பெட்டிக்குள் வைக்கப்பட்ட குழந்தைகள் என்ற படிமத்தைப் போட்டுவிட்டார். அறிவுக்கு மூலமாக இருந்தவர்கள் நோய்க்கு மூலமாக மாற்றப்பட்டார்கள்.

அந்தப் படிமத்தைக் கோட்பாடாக்கியவர் சிகாகோவின் புரூனோ பெட்டல்ஹைம். வதைமுகாமில் இருந்து மீண்டவர் அவர். 1967இல் வெளியான தம் நூலில், ஆட்டிசக் குழந்தையின் நிலையை வதைமுகாம் கைதியின் நிலையோடு ஒப்பிட்டார். குழந்தை கைதி என்றால் தாய் யார் என்பதை வாசகர்களே நிரப்பிக்கொண்டார்கள். இதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1964இல், பெர்னார்ட் ரிம்லாண்ட், தாமே ஓர் ஆட்டிசச் சிறுவனின் தந்தை, இதற்கு உயிரியல் அடிப்படைதான் என்று வாதிட்டு நூல் எழுதியிருந்தார். 1969இல் பெற்றோர் சங்கக் கூட்டமொன்றில் கானர் பெற்றோர்களைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக அறிவித்தார். விடுதலை வழங்கியவர் குற்றம்சாட்டியவரே.

விடுதலையான தாய்க்கு அடுத்து வேலை கொடுக்கப்பட்டது. 1987இல் லோவாஸ் கலிபோர்னியாவில் செய்த ஆய்வின் முடிவுகள் வந்தன. 19 குழந்தைகளுக்கு வாரத்துக்கு 40 மணிநேரம், இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் பயிற்சி. அவர்களில் 9 பேர் இயல்பான நிலையை அடைந்ததாகச் சொன்னார். பயிற்சியில் பெற்றோரும் சேர்க்கப்பட்டார்கள். ஓங்கிய அதட்டலும் தொடையில் அடியும் அந்த முறையில் இருந்தன. இதே லோவாஸ், 1974இல் ரெக்கர்ஸ் என்பவரோடு சேர்ந்து, 'பெண்தன்மை' கொண்ட ஒரு சிறுவனை ஆண்தன்மைக்கு மாற்றும் பயிற்சி பற்றியும் கட்டுரை எழுதியவர் என்பதை இவ்விதழின் வாசகர்கள் மனங்கொள்ள வேண்டும். எது இயல்பு என்பதை முன்முடிவு செய்துகொண்ட ஒரு பயிற்சி முறை யார் மீதெல்லாம் பாயும் என்பதற்கு இது சாட்சி. இன்றைய பயிற்சிகள் எல்லாம் அதே போன்றவை என்று சொல்வது நேர்மையல்ல. அடிப்பது போய்விட்டது, விளையாட்டு வந்திருக்கிறது. பாப்பா தானாகச் சாப்பிடுகிறாள், பல் விளக்குகிறாள் என்றால் அதற்குத் தொழில்முறைப் பயிற்சியாளர் ஒருவரின் பொறுமை காரணம். மாறாமல் இருப்பது மணிக்கணக்கு.

அந்த மணிகளை யார் கொடுப்பது? வாரத்தில் மூன்று நாள், விடிவதற்கு முன் எழுந்து, இரண்டு மணிநேரம் பஸ்ஸில் போய், முக்கால் மணிநேரப் பயிற்சி முடித்து, மறுபடி இரண்டு மணிநேரம். நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021இல் வந்த இலவசப் பயணம் இந்தத் தொலைவு பஸ்ஸுக்குப் பொருந்தாது. ஓர் அமர்வுக்கு 600 ரூபாய். வீட்டில் தினமும் செய்யவேண்டியவை என்று ஒரு தாள் தருகிறார்கள். சுவரில் ஒட்டியிருக்கிறது. பன்னிரண்டு பயிற்சிகள். அக்காவின் தையல் மிஷின் மூடிக் கிடக்கிறது. மச்சான் போனில் கேட்கும் முதல் கேள்வி, "இன்னைக்கு ஹோம் ஒர்க் செஞ்சியா?" கூலியில்லாத ஒரு வேலை, அன்பு என்ற பெயரில் ஒருத்தியின் தலைமேல் இறக்கப்படுகிறது, முன்னேற்றம் இல்லையென்றால் குறை அவள் அன்பில் என்றாகிறது. பெட்டல்ஹைம் போய்விட்டார் என்று நினைப்பது தவறு.

நோட்டில் ஒரு நாள் இப்படி மட்டும் இருக்கிறது: "இன்னைக்கு ஒண்ணும் செய்யல. ரெண்டு பேரும் தூங்கினோம்."

5

நான் இதுவரை தள்ளிப்போட்ட விஷயத்துக்கு வரவேண்டும்.

பயிற்சி தொடங்கிய இரண்டாம் மாதம், அங்கே ஒருவர், வீட்டில் ஒரே ஒரு மொழி பேசுங்கள், குழந்தைக்குக் குழப்பம் வரக்கூடாது என்றார். எந்த மொழி என்று அக்கா கேட்டாள். நாளைக்குப் பள்ளிக்கூடம் போகவேண்டும், பயிற்சி அட்டைகளும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன, ஆகவே ஆங்கிலம் என்று பதில் வந்தது. அக்காவுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் 'கம்', 'சிட்', 'ஈட்', 'நோ' உண்டு. அம்மாவுக்கு, அதாவது பாப்பாவின் ஆச்சிக்கு, அதுவும் கிடையாது. பாப்பாவின் குழப்பத்துக்குத் தானே காரணமாகிவிடக்கூடாது என்று அம்மா அவளிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். எட்டு மாதங்கள். சோறு ஊட்டும்போது வாயை மூடிக்கொண்டு ஊட்டினாள். குளிப்பாட்டும்போது பேசாமல் குளிப்பாட்டினாள்.

தமிழ் படித்தவன், தாய்மொழிக் கல்வி குறித்து மேடையேறியவன், நான் என்ன செய்தேன்? ஒன்றும் சொல்லவில்லை. நிபுணர் சொன்னால் சரியாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். பூக்கோவின் அறிவதிகாரம் பற்றி வகுப்பெடுத்த வாய் அது.

ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகள் புழங்கும் வீடு ஆட்டிசக் குழந்தையின் பேச்சைப் பின்னுக்கு இழுக்கிறது என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. அதைவிட எளிய உண்மை ஒன்று உண்டு. நான்கு ஏவல் சொற்களே உள்ள மொழியில் ஒரு தாய் கட்டளையிட முடியும்; கொஞ்சவோ அலுத்துக்கொள்ளவோ கதை சொல்லவோ முடியாது. குழந்தையின் குறைபாடு என்று எழுதப்பட்டதை, அந்த எட்டு மாதமும் வீட்டின் பெரியவர்கள் மீது நாங்களே சுமத்தியிருந்தோம். சுருங்கிய சொற்கள், ஒரே தொடரைத் திரும்பச் சொல்லுதல், உரையாட முடியாமை.

மொழி மாறியபோது கோப்பின் இன்னொரு கட்டமும் எனக்குப் புரிந்தது. 'நான்', 'நீ' இடம் மாற்றிப் பேசுகிறாளா என்பது அளவுகோலின் கூற்றுகளில் ஒன்று. ஆங்கிலத்தில் 'உனக்குத் தண்ணீர் வேண்டுமா' என்று கேட்டதைக் குழந்தை அப்படியே திரும்பச் சொன்னால் இடப்பெயர் புரண்டுவிடும், கண்டுபிடிப்பது சுலபம். நம் வீட்டில் யார் அப்படிக் கேட்கிறார்கள்? "தண்ணி வேணுமா?" என்கிறோம், இடப்பெயரே கிடையாது. "அம்மா தாரேன்", "மாமா தூக்கட்டுமா" என்று நம்மையே படர்க்கைப் பெயரால் சொல்லித் தன்மை வினையில் முடிக்கிறோம். பாப்பா "தண்ணி வேணுமா" என்று சொன்னால் அவளுக்குத் தாகம். வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும். 'நாம்' என்பதில் முன்னிலையையும் உள்ளடக்கி உளப்பாட்டுத் தன்மை என்று பெயரிட்டு வைத்திருக்கும் ஓர் இலக்கண மரபில் வந்த நாம், நம் மொழியில் இக்குழந்தைகள் தன்னையும் பிறரையும் எவ்வாறு சொல்கிறார்கள் என்று ஒரு பக்கமாவது எழுதியிருக்க வேண்டாமா? பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் இதைத் தங்கள் வேலையாகவே நினைத்ததில்லை.

எட்டு மாதத்துக்குப் பிறகு வேறொரு பேச்சுப் பயிற்சியாளர், இளம்பெண், பாப்பாவைப் பார்த்தார். "ஆச்சி என்ன பேசுவாங்களோ அதையே பேசச் சொல்லுங்க" என்றார். அன்று இரவு அம்மா அழுதாள். பாப்பாவிடம் எதைப் பேசுவது என்று அவளுக்கு உடனே வரவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் தொடங்கினாள். பாப்பா அற்புதமாகப் பேசத் தொடங்கிவிட்டாள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மூன்று மாதத்தில் நான்கு புதிய சொற்கள் வந்தன. அதில் ஒன்று ஆச்சி அலுப்பில் சொல்லும் "ஏ யாத்தே".

6

இனி நம்மிடம் வருகிறேன். பிறழ்வைக் கொண்டாடுவது நம் வட்டாரத்தில் ஒரு பழக்கம். டெல்யூஸையும் கத்தாரியையும் படித்துவிட்டு, ஒழுங்குக்குள் அடங்காத எதையும் விடுதலையின் குறி என்று எழுதிவிடுகிறோம். அவர்கள் இருவரும் கடன்பட்டிருந்த பெர்னாண்ட் டெலிங்யியை நாம் அதிகம் படித்ததில்லை. 1967 முதல் தென்பிரான்ஸின் செவென் மலைப்பகுதியில் பேசாத ஆட்டிசக் குழந்தைகளோடு வாழ்ந்தவர் அவர். உடனிருந்தவர்கள் நிபுணர்கள் அல்ல, தொழிலாளிகள், மாணவர்கள். குழந்தைகளைப் பேசவைக்க அவர்கள் முயலவில்லை. குழந்தைகள் நடந்த தடங்களைத் தாளில் கோடுகளாக வரைந்தார்கள். விளக்கம் சொல்லாமல், பார்த்ததை மட்டும் பதிவதே அந்த வரைபடங்களின் நெறி. எனக்கு அந்த வரைபடங்கள்மீது பெரும் மரியாதை உண்டு. அக்காவின் நோட்டும் ஒருவகையில் அப்படியொரு தடவரைபடமே. ஆனால் அந்த மலையில் தாய்மார்கள் இல்லை. பேச்சைத் துறக்கும் பெருந்தன்மை, "பிள்ள எனக்குப் பெறகு யாருகிட்டத் தண்ணி கேக்கும்?" என்று கேட்பவளுக்குக் கட்டுப்படியாகாது.

அதே போல, அடையாளப் பெயரே ஒடுக்குமுறை என்ற வாதமும். 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் என்ற பெயரே இல்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் முறையாக இடம்பெற்றது. 40 சதவீதம் என்று எழுதிய சான்றிதழ் கையில் இருந்தால்தான் பல உதவிகளுக்குக் கதவு திறக்கிறது. பெயர் இல்லாத காலத்தில் இக்குழந்தைகள் சுதந்திரமாக இருக்கவில்லை. 'கிறுக்கு' என்றும் 'சாமி குத்தம்' என்றும் வேறு பெயர்கள் இருந்தன. அக்காவுக்குப் பெயர் வேண்டும். 112 என்ற எண் வேண்டும். அதை வாங்கிக் கொடுக்க நானும் வரிசையில் நின்றேன்.

ஆனால் எந்தப் பெயர் என்பதில் நமக்கு வேலை இருக்கிறது. தமிழில் அரசு ஆவணங்கள் 'புற உலகச் சிந்தனையற்ற' நிலை என்று எழுதுகின்றன. புற உலகம் பற்றிய சிந்தனை இல்லாதவள் எப்படி நின்றுபோன ஃபேனை அவ்வளவு நேரம் பார்ப்பாள்? மேளச் சத்தத்தின் ஒவ்வொரு அடியும் தலையில் விழுகிற அளவுக்குப் புற உலகம் அவளுக்குள் நிறைந்துதான் இருக்கிறது. 'மதியிறுக்கம்' என்பதும் உள்ளே இறுகிப்போன எதையோ கற்பனை செய்கிறது. 1993இல் ஜிம் சின்க்ளேர், ஆட்டிசம் கொண்டவராகத் தாமே பெற்றோர்களை நோக்கி, எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள் என்ற பொருளில் எழுதினார். அவர்கள் பேசத் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. நாம் இன்னும் அவர்கள் சிந்தனையற்றவர்கள் என்று படிவத்தில் நிரப்பிக்கொண்டிருக்கிறோம். எனக்கு மாற்றுச் சொல் தெரியாது. அதுவரை ஆட்டிசம் என்றே சொல்லலாம் என்று படுகிறது. குறைந்தபட்சம் அது பொய் சொல்லவில்லை.

நடைமுறையில் கேட்கவேண்டியவை மூன்று இருக்கின்றன. மதிப்பீட்டு அறிக்கை பெற்றோர் படிக்கும் மொழியில் அவர்கள் கையில் தரப்படவேண்டும். கேள்விகள் வீட்டுப் பேச்சின் இலக்கணத்தில் சோதிக்கப்படவேண்டும். பயிற்சி, இரண்டு மணிநேரப் பஸ்ஸுக்கு அப்பால் இல்லாமல் ஊருக்குள் வரவேண்டும். இயக்கங்களில் உள்ள நண்பர்கள் இவற்றைத் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கவேண்டும். எழுதுகிறவர்கள் செய்யக்கூடியது நான்காவது ஒன்று: இந்த நோட்டுகளைக் கேட்டு வாங்கி வாசிப்பது. எல்லாத் தாய்மார்களும் எழுதுவதில்லை. எழுத முடியாதவர்கள் சொல்லுவார்கள்.

கோப்பின் முதல் பக்கத்தில், பெயர், வயது, பாலினம் எல்லாவற்றுக்கும் கீழே, 'தகவல் தந்தவர்: தாய்' என்று ஒரு வரி இருக்கிறது. பதினான்கு பக்கங்களில் அக்கா வரும் ஒரே இடம். போன மாதம் மறுமதிப்பீட்டுக்குப் போனபோது அவள் நோட்டை எடுத்துக்கொண்டு போனாள். உளவியலாளர் நான்கு பக்கங்கள் புரட்டிப் பார்த்தார். 'பஸ் வந்துட்டு' வரும் இடத்தில் நிறுத்தி, இரண்டாம் முறை படித்தார். ஜெராக்ஸ் எடுத்துக் கோப்பில் சேர்க்கலாமா என்று கேட்டார். அக்கா சரி என்றாள். வெளியே வந்ததும் என்னிடம், "அந்தத் தூங்கின நாள மட்டும் கிழிச்சிருக்கலாமோ தம்பி?" என்றாள்.

கிழிக்க வேண்டாம் என்றேன்.